பலகையின் கடைசி வரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். மூன்று வாரம் இருந்தாயிற்று. இதற்கு மேலும் இருந்தால் எனக்கு இரத்தக் கொதிப்பு வரும், அல்லது உங்களுக்கு என் வீட்டு நாற்காலி நிரந்தரமாகப் பழகிவிடும். முறைப்படி முதலில் நலம் விசாரிக்க வேண்டும். ஆனால் நீங்கள் நலமாக இருப்பது இங்கிருந்தே என் காதில் விழுகிறது. முன்னறையில் உட்கார்ந்து, நான் இன்னும் பிரிக்காத என் செய்தித்தாளை மடக்கி மடக்கிப் படித்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். நமக்கு நடுவில் பன்னிரண்டு அடி தூரம். இதற்கு எதற்குக் கடிதம், எழுந்து வந்து சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் நடுவில் புகுந்து, "அட விடுங்க மச்சான்" என்பீர்கள். பதினோரு வருடமாக நான் உங்களிடம் ஆரம்பித்த எந்த வாக்கியமும் முற்றுப்புள்ளியைக் கண்டதில்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமைக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன்.

விஷயத்துக்கு வருவதற்கு முன் சில விஷயங்கள். உங்கள் கல்யாண போட்டோ உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறதே, அதில் வலது ஓரத்தில் ஒரு தோள்பட்டை தெரிகிறது. அது என்னுடையது. பெண்ணின் ஒரே அண்ணன் என்று ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான், சட்டகம் செய்தவன் அவனை வெட்டிவிட்டான், நீங்கள் அதை அப்படியே மாட்டிவிட்டீர்கள். பதினோரு வருடமாக உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் தோள்பட்டையைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறேன். இரண்டாவது, என் ஏணி. அதை நீங்கள் திருப்பிக் கொடுத்தீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏழு படியோடு போன ஏணி ஆறு படியோடு வந்தது. மூன்றாவது, நீங்கள் என்னை நாலு பேர் முன்னால் "வாத்தியார் மச்சான்" என்று கூப்பிடுவது. நான் இயற்பியலில் முதுகலை படித்தவன். துணைத் தலைமை ஆசிரியர். அந்தத் 'துணை' என்ற வார்த்தை போயிருக்க வேண்டிய நேரத்தில் போகாமல், என்னைவிட ஆறு வருடம் இளையவர் ஒருவர் வந்து மேலே உட்கார்ந்துவிட்டார் என்பது வேறு கதை. அந்த இளையவரும் இந்தக் கடிதத்தில் வருவார்.

நான்காவது, இந்தச் சனிக்கிழமைகள். உங்கள் மகளை என்னிடம் விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போவீர்கள், அதுதான் வழக்கம். கடந்த மூன்று சனிக்கிழமைகளாக, இன்றையதையும் சேர்த்து, நீங்களும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறீர்கள். "சும்மாதான் மச்சான், இன்னிக்கு எனக்கு வேலை இல்ல" என்கிறீர்கள். நீங்கள் பழுதுபார்க்கிற எந்த லிஃப்டும் சனிக்கிழமையில் நிற்பதில்லையா? அதுவும் போகட்டும். உடைந்த கார் கண்ணாடியைத் தெரிந்த ஆளிடம் கொடுத்து மாட்டித் தருகிறேன் என்று என் வண்டிச் சாவியை வாங்கினீர்கள். கண்ணாடி வந்துவிட்டது, வண்டி வாசலில் நிற்கிறது, சாவி இன்னும் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. கேட்டால் தருவீர்கள். நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுத வேண்டியதை எழுதக் கை வராமல்தான் ஏணி வரைக்கும் போய் ஒளிந்துகொண்டேன்.

அந்தக் கண்ணாடியைப் பந்து உடைக்கவில்லை.

பள்ளிக்கூடப் பையன்கள் விளையாடியபோது பந்து பட்டு உடைந்தது என்று அன்று சாயங்காலம் உங்களிடம் சொன்னேன். உங்கள் பெண் அப்போது என் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "எந்தப் பந்து மாமா?" என்று கேட்டாள். நான் அவளைப் பார்த்தேன். வகுப்பில் கடைசி வரிசையை அடக்குகிற பார்வை அது. நாலரை வயதுக் குழந்தையிடம் அதைப் பயன்படுத்தினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, மாப்பிள்ளை. அவளுக்கு நான்தான் 'கேள்வி' என்று பெயர் வைத்தேன், உங்களுக்குத் தெரியும். மீனுக்குத் தாகம் எடுக்குமா, நிழலுக்கு ஏன் கண் இல்லை, நேற்று எங்கே போச்சு என்று நாளைக்கு நாற்பது கேட்கிறவள் மூன்று சனிக்கிழமையாக, "சாப்பிடுறேன் மாமா", "போறேன் மாமா" என்று தகவல் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீடு பரீட்சை ஹால் மாதிரி இருக்கிறது. என்னால் தாங்க முடியவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூட வாசலில் மதியம் குழந்தைகளை அழைத்துப்போக வருகிற பெற்றோர் சிலர், கைக்குழந்தையைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு, மூத்ததைத் தேடி உள்ளே வருவார்கள். நான் இதைப் பார்த்துக் கொதித்துப்போய் மூன்று சுற்றறிக்கை எழுதினேன். பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன், வெளிவந்தது, பெயரோடும் பட்டங்களோடும். கடைசியில் இளையவர் மனமிரங்கி வாசலில் ஒரு பலகை வைக்கலாம் என்றார். வாசகத்தை எழுதும் பொறுப்பு எனக்கு. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல வாசகம்தான்:

"நிறுத்திய வண்டிக்குள் குழந்தையைத் தனியே விடாதீர்கள். நிழல் நகரும். கண்ணாடியை நாலு விரல் இறக்கிவைப்பது காப்பாற்றாது. குழந்தையின் உடல் நம் உடலைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். ஒரு நிமிடம்கூட வேண்டாம்."

'நிழல் நகரும்' என்ற இரண்டு வார்த்தையை வெட்டிவிடலாமா என்று இளையவர் கேட்டார். நான் ராஜினாமா செய்யும் குரலில் பேசிக் காப்பாற்றினேன். சரி, சரி, இருக்கட்டும் என்றவர், தாளின் அடியில் ஒன்று சேர்த்தார்: 'தலைமை ஆசிரியர்'. அவ்வளவுதான். எழுதியது நான், அடியில் அவர் பதவி. இன்னொரு தோள்பட்டை.

நீங்கள் தங்கையைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போன சனிக்கிழமை அது. பத்து மணிக்குப் பெண்ணை என்னிடம் விட்டீர்கள். பத்தரைக்கு போர்டு எழுதுகிறவர் போன் செய்தார். "சார், போர்டு முடிஞ்சிருச்சு, மத்தியானம் வார்னிஷ் அடிச்சிருவேன், திங்கக்கிழமை மாட்டிரலாம்" என்றார். வார்னிஷ் அடித்துவிட்டால் அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூடச் சேர்க்க முடியாது. என்னால் உட்கார முடியவில்லை. குழந்தையை வண்டியின் பின் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டு, அது இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் புறப்பட்டேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதும் கறார்.

போகும் வழியெல்லாம் கேள்வி. இருபதோ முப்பதோ கேட்டிருப்பாள். என் தலைக்குள் நான் இளையவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு நடுவில், "மாமா, காருக்கு வலிக்குமா?" என்றால் எப்படி இருக்கும்? கடை இருந்த தெரு குறுகல். எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில் நல்ல நிழல் இருந்தது. நிறுத்தினேன். அவளை இறக்கிக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். கடைக்குள் பெயின்ட் வாசனை, எதையாவது தொடுவாள், கேள்வி கேட்பாள், என்னால் கறாராகப் பேச முடியாது. இவ்வளவுதான் நான் சொல்லக்கூடிய காரணம். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "அஞ்சே நிமிஷம், மாமா இப்ப வந்துருவேன்" என்றேன். "அஞ்சு நிமிஷம்னா எவ்ளோ நேரம் மாமா?" என்று கேட்டாள். அதுதான் அவள் அன்றைக்குக் கேட்ட சரியான கேள்வி. முன் கதவுக் கண்ணாடியை இறக்கினேன். எவ்வளவு தெரியுமா? நாலு விரல். விரலை வைத்துப் பார்த்துத்தான் இறக்கினேன், மாப்பிள்ளை. பிறகு யாராவது வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாதே என்று நாலு கதவையும் பூட்டினேன்.

கடைக்குள் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. மஞ்சளில் கறுப்பு எழுத்து, பார்க்கவே கம்பீரம். போர்டுக்காரர் நடுவயது ஆள், காதில் பென்சில், கையில் டீ. அடியில் என் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றேன்.

"சேர்த்துரலாம் சார். பேரைச் சொல்லுங்க."

சொன்னேன். இனிஷியல், பெயர், பட்டம், பதவி.

"அவ்வளவுமா?" என்று டீயைக் கீழே வைத்தார். நூலைப் பிடித்து அளந்தார். "இடம் பத்தாது சார். தலைமை ஆசிரியரைத் தூக்கிரலாமா?"

எனக்கு ஆசைதான். ஆனால் அது வம்பு. எழுத்தைச் சின்னதாக்கலாமே என்றேன். தூரத்திலிருந்து பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் என்றார். பட்டத்தை மட்டும் விடலாமா என்று கேட்டார். நான் ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். அவர் ஓரத்தில் செங்குத்தாக எழுதிப் பார்க்கலாம் என்றார், நான் பலகை என்ன காலண்டரா என்றேன். இப்படியே பேச்சு வளர்ந்தது. பக்கத்துக் கடையில் இரும்பு அறுக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் பெரிய ஃபேன். நாங்கள் இரண்டு பேருமே கத்தித்தான் பேசினோம். வெளியிலிருந்து எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. கேட்காத இடத்துக்கு நான்தானே போய் நின்றேன்?

கடைசியில் அவர், "எதையாவது ஒரு வரியை எடுத்தாத்தான் சார் உங்க பேரு உக்காரும்" என்றார்.

நான் பலகையை மேலிருந்து கீழே படித்தேன். 'நிழல் நகரும்' என்பதைத் தொட மனம் வரவில்லை, அதற்காகச் சண்டை போட்டிருந்தேன். மற்றதெல்லாம் விஞ்ஞானம். மிஞ்சியது கடைசி வரி: 'ஒரு நிமிடம்கூட வேண்டாம்.' அது கொஞ்சம் மிகையாகப் பட்டது. மேலே சொன்னதைத்தானே திரும்பச் சொல்கிறது, அதை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் பெயின்டைக் கரைக்கிற டர்பன்டைனில் துணியை நனைத்து அந்த வரியைத் துடைத்தார். அந்த இடத்தில் என் பெயர் வந்தது. அவர் எழுதும் வரை பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தேன். நல்ல கை. இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். பிறகு நாலடி. என் வாழ்க்கையில் சட்டகத்துக்குள் முழுசாக வந்த முதல் தடவை. கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

பூமி சுற்றுகிறது, சூரியன் இடம் மாறுவதாகத் தெரிகிறது, நிழலும் மாறும் என்று இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். வாசலுக்கு வந்தபோது மரம் இருந்தது, கார் இருந்தது, நிழல் மட்டும் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போயிருந்தது. காரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். முன் கதவுக் கண்ணாடி உடைந்து தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. மாப்பிள்ளை, இதை எழுதாமல் விட்டுவிடலாம், உங்களுக்குத் தெரியப்போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். அந்தக் கணத்தில் என் வாயிலிருந்து வந்தது குழந்தையின் பெயர் இல்லை. "யாருய்யா என் வண்டியில கை வச்சது?" என்றுதான் கத்தினேன்.

கூட்டம் விலகியது. எதிர்க்கடையில் தையல் போடுகிற அம்மா நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அளவு டேப், ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி. கேள்வி அவர் இடுப்பில், தலை அவர் தோளில். முகம் வெந்த மாதிரி சிவந்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டி, கண் பாதி மூடியிருந்தது. அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"வண்டி உங்களோடதா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமா."

"அப்ப இது யாரோடது?"

"இங்க குடுங்க" என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை. "முதல்ல நிழலுக்கு வாங்க. நகருங்க எல்லாரும், காத்து வரட்டும்" என்று நேராகப் போர்டுக் கடைக்குள்ளேயே போனார், அங்கேதான் ஃபேன் பெரியது. பெஞ்சில் உட்காரவைத்து, சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் கழுத்திலும் அக்குளிலும் ஒற்றி, மூடியில் ஊற்றி ஊற்றித் தண்ணீர் கொடுத்தார். தெருக்கோடி கிளினிக்கிலிருந்து டாக்டர் செருப்பை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். சூடு பார்த்தார், நாடி பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். அரை மணி நேரம் இருந்தார். "பயமில்ல, இறங்குது" என்று சொன்னவர், எழுந்திருக்கும்போது என் பக்கம் திரும்பி, "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா, நான் வந்து பிரயோஜனம் இருந்திருக்காது" என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். ஏதோ மருந்தை எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்று சொல்கிற மாதிரி.

"பெல்ட்டை அவிழ்க்கத் தெரியல சார் அதுக்கு" என்று தையல்கார அம்மா டாக்டரிடம் சொன்னார். "கண்ணாடி வழியா 'மாமா மாமா'ன்னு கூப்பிடுது. யாருடா மாமான்னு தெருவெல்லாம் தேடுறோம். நாலு கதவும் பூட்டு. நான் போய் பெட்டியை எடுத்துட்டு வந்து முன் கதவுக் கண்ணாடியில ஒரே போடு." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க இந்தக் கடைக்குள்ளயா இருந்தீங்க? பத்தடி தூரத்துலயா?"

நான் தலையை ஆட்டினேன். யாரோ பின்னாலிருந்து, "படிச்சவர் மாதிரி இருக்காரு" என்றார்கள். இன்னொருவர், "கண்ணாடி போட்டிருந்தா படிச்சவராய்யா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

இது வரைக்கும் நடந்தது தப்பு. இனிமேல்தான் வெட்கம்.

கேள்விக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தாள். எதிரே சுவரில் சாய்ந்து மஞ்சள் பலகை. அவளுக்கு எழுத்து ஒன்றிரண்டு தெரியும், படிக்க வராது. தொண்டை கம்மிப்போயிருந்தது. "மாமா, அதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"அப்புறம் சொல்றேம்மா."

"இப்ப படிங்க."

"படிச்சுத்தான் காட்டுங்களேன்" என்றார் தையல்கார அம்மா. "புள்ள கேக்குதுல்ல?"

படித்தேன். எழுந்து நின்று, மேஜைக்கு முன்னால் நிற்கிற பையனைப் போல, நான் எழுதியதை நானே படித்தேன். 'நிறுத்திய வண்டிக்குள் குழந்தையைத் தனியே விடாதீர்கள்.' இரும்பு அறுக்கிறவரும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றிருந்தார். 'நிழல் நகரும்.' 'கண்ணாடியை நாலு விரல்...' என்று வந்தபோது எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியே காரைத் திரும்பிப் பார்த்தார்கள். உடைந்த கண்ணாடியில் எத்தனை விரல் என்று இப்போது அளக்க முடியாது. அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே கருணை.

"சூப்பரா எழுதியிருக்காங்க" என்றார் தையல்கார அம்மா. "உங்கள மாதிரி ஆளுங்க தலையெழுத்துக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. எழுதினவருக்குப் புண்ணியமா போகட்டும்."

கேள்வி விரலை நீட்டினாள். "அது என்ன மாமா? கடைசில?"

"அது... பேரும்மா."

"யாரு பேரு?"

போர்டுக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து வேறு காதில் வைத்தார். பிறகு துணியை டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்து என் முன்னால் நீட்டினார். "நீங்களே தொடைக்கிறீங்களா சார், நான் தொடைக்கட்டுமா?"

தையல்கார அம்மா அவரைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "ஓ" என்றார். நான் இந்த வயதுவரை வாங்கிய எல்லா ஏச்சையும் ஒன்றாகக் கூட்டினாலும் அந்த ஒரு எழுத்துக்குச் சமமாகாது.

நான்தான் துடைத்தேன். பெயர் சட்டென்று போகவில்லை, பட்டம் வரைக்கும் இழுவிக்கொண்டு வந்தது. "அந்தப் பழைய வரியைத் திருப்பி எழுதிருங்க" என்றேன். அவர் தலையாட்டினார். என்ன வரி என்று நான் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பலகை இப்போது பள்ளிக்கூட வாசலில் இருக்கிறது. 'ஒரு நிமிடம்கூட வேண்டாம்' என்பது மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது, அடியில் இருந்ததை மறைக்க இரண்டு கோட்டிங் அடித்தாராம். இளையவர் பார்த்துவிட்டு, "இந்த வரி மட்டும் நல்லா எடுப்பா இருக்கே சார், உங்க யோசனையா?" என்று பாராட்டினார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல்தான் உள்ளே போகிறேன். மாலை நாலு மணி வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால், அந்த வரிக்கு அடியில் என் பெயர் மேடு தட்டித் தெரிகிறது. மற்றவர்களுக்குத் தெரியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை, நீங்கள் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் என் தங்கைக்கு வேண்டாம் என்று அன்றைக்கு நான் சொன்னேன். அது உங்கள் காதுக்கு வந்திருக்கும், நீங்கள் ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் கதவைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும், வெளியில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும் என்று ஒரு தடவை சாப்பிடும்போது சொன்னீர்கள். நான் அப்போது காற்றழுத்தத்தைப் பற்றி ஏதோ திருத்தம் சொன்னதாக ஞாபகம். உங்கள் குழந்தை பூட்டின வண்டிக்குள்ளிருந்து கூப்பிட்டபோது, வெளியில் ஆள் இல்லை. அதுதான் நான் உங்களிடம் சொல்ல வேண்டியது. அதற்குப் பிறகு உங்களிடம் பொய் சொன்னேன், அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவள் வாயை அடைத்தேன். அவள் அதை இன்றுவரை யாரிடமும் சொல்லாமல் காத்துவருகிறாள். அவள் கேள்வியை நான்தான் கொன்றேன். இனி பெண்ணை என்னிடம் விடுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். விடவேண்டாம் என்றால் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை. சாவியை வைத்துக்கொள்ளுங்கள். ஏணியை மறந்துவிடுகிறேன். போட்டோவைப் பற்றி யோசிக்கிறேன்.

தங்கையின் கண் தெளிவாக இருக்கட்டும், என்னைப் பார்ப்பதற்கு மட்டும் கொஞ்சம் மங்கலாக இருந்தால் போதும். கேள்விக்கு நூறு வயது. உங்களுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,

பின்குறிப்பு: சிவப்பு மைக்கு மன்னிக்கவும். 'இப்படிக்கு' என்று எழுதியதும் நீல மை தீர்ந்துவிட்டது. வேறு பேனா எடுக்கக் கதவைத் திறந்தேன். கேள்வி அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"லெட்டர் எழுதுறீங்க" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

"ஆமா. அப்பாவுக்கு."

"அப்பா அங்கதான் இருக்காரு."

"தெரியும்மா. ஒரு விஷயம் அப்பாகிட்ட சொல்லணும். அந்தக் கார் கண்ணாடி விஷயம்."

"அது அப்பாவுக்குத் தெரியுமே" என்றாள். "நான் அன்னிக்கே வீட்டுக்குப் போனதும் சொல்லிட்டேன். அம்மாவுக்கும் தெரியும். அம்மா அழுதாங்க. அப்புறம் உங்களைத் திட்டணும்னாங்க. அப்பாதான் வேணாம்னு சொன்னாரு."

நான் அவளுக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தேன்.

"மாமா உள்ள மாட்டிக்கிட்டிருக்காரு, நாம வெளிய உக்காந்திருக்கணும், அவசரப்படுத்தக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு. மாமாவா சொல்ற வரைக்கும் ஒரு கேள்வியும் கேக்கக் கூடாதுன்னு சொன்னாரு." மூச்சு விட்டாள். மூன்று வாரம் பிடித்துவைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது. "இப்ப சொல்லிட்டீங்கல்ல? கேக்கலாமா?"

"கேளு."

"அன்னிக்கு நான் கூப்பிட்டேனே, அப்ப நீங்க உள்ள என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பேரு எழுதிட்டிருந்தேன்."

"யாரு பேரு?"

"என் பேரு."

அவளுக்குக் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "எழுதி முடிச்சிட்டீங்களா?"

ஆக, மாப்பிள்ளை, மேலே இத்தனை பக்கத்தில் நான் சொன்ன எதுவும் உங்களுக்குப் புதிதில்லை. சனிக்கிழமைகளைப் பற்றி எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், சிவப்பு மையில் அடித்தால் இன்னும் பளிச்சென்று தெரியும், அதனால் விட்டுவிட்டேன். நீங்கள் இன்னும் முன்னறையில் செருமிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதற்கு அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. எழுந்து வந்து பேசலாம், பன்னிரண்டு அடிதான். ஆனால் நீங்கள் "அட விடுங்க மச்சான்" என்பீர்கள், நானும் விட்டுவிடுவேன். இது உங்கள் கையில் எழுத்தாக இருக்கட்டும். சாவி உங்களிடம் இருப்பதால் தெருமுனைத் தபால்பெட்டிக்கு நடந்துதான் போகிறேன். கேள்வியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன், கிளம்பும்போது உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன், நீங்களும் செய்தித்தாளை வைத்துவிட்டுக் கூட வந்தால் நல்லது. 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே இரண்டு பட்டமும் பதவியும் தாராளமாக உட்காரும் அளவுக்கு இடம் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டேன். அதை அப்படியே விட்டு, கையெழுத்தில்லாமல் தபாலில் போடுகிறேன்.